ஒன்றுமில்லை என்று வந்த முடிவு

செல்லப்பா என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், அவன் மனைவி புஷ்பா, "இல்லாத ஆளுகளச் சாகடிக்காவ" என்று சொல்லிச் சிரிப்பாள். அது பெரும்பாலும் உண்மைதான். மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவன் டெஸ்டிங் லீட். அமெரிக்காவில் உள்ள ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக எழுதிய சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது அவனுடைய குழுவின் வேலை. கம்ப்யூட்டரில் ஒரு மனிதரை உண்டாக்க வேண்டும். அவருக்குப் பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் கொடுக்க வேண்டும். பிறகு இறந்த தேதியையும் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் நடக்க வேண்டியதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடந்தால் அந்த மனிதரை அழித்துவிட்டு அடுத்தவரை உண்டாக்கலாம். வருஷக்கணக்காக இதைச் செய்துவந்தும் செல்லப்பாவுக்கு அதில் வினோதமாக எதுவும் தோன்றியதில்லை.

தென்காசிப் பக்கத்துக்காரன். மாதாப்பூர்ப் பாறைகளை உடைத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், 1999-இல், ஹைதராபாத் வந்தான். மல்காஜ்கிரியில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட். புஷ்பா திருமுல்கேரியில் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள் வர்ஷினி. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுகிற பெண். காலையில் செல்லப்பா பஸ் பிடித்து செகந்திராபாத் வருவான், அங்கிருந்து லோக்கல் ரயில், இறங்கி ஷேர் ஆட்டோ. மாலையில் அதே வழி. இதைப் பற்றி அவன் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உள்ளே கிடந்தது. 2001-இல் அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தபோது அவன் கம்பெனி வேலையாக அமெரிக்காவில், மினியாபோலிஸில் இருந்தான். புது வெர்ஷன் வெளியாக வேண்டிய வாரம். மேனேஜர் இரண்டு நாள் பொறுத்துப் போகச் சொன்னார். அவனும் பொறுத்தான். ஊருக்கு வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சண்முகையா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேலை முடிஞ்சிட்டாடே?" என்று மட்டும் கேட்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அப்பாவோடேயே இருந்தவர். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

2005-இல், மழைக்காலத் தொடக்கத்தில், சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. பக்கத்தில் இன்னொன்று வந்தது. சாயங்காலங்களில் காய்ச்சல் அடித்தது. டாக்டர் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார், திருப்தியில்லை. கட்டியையே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முதல் அறிக்கை வந்ததும் இருவரையும் உட்கார வைத்து, "லிம்ஃபோமாவா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா பம்பாய்க்கு அனுப்பி இன்னொரு தடவை பார்த்துடலாம். மூணு வாரம் ஆகும்" என்றார். லிம்ஃபோமா என்றால் என்ன என்று புஷ்பா கேட்டாள். "நிணநீர்க் கட்டியில வர்ற கேன்சர்மா."

ஆட்டோவில் திரும்பி வரும்போது புஷ்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

முதல் சில நாட்கள் பயத்தில் போயின. சோறு தொண்டையில் இறங்கவில்லை. பிறகு ஒரு காலையில், பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கியவன், படியிலேயே நின்றுவிட்டான். யாரோ வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. அவன் ஆயிரம் தடவை கடந்துபோன வாசனை. அதை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான். வாட்ச்மேன் மேலே பார்த்து, "க்யா சாப், ஆஜ் ஆஃபீஸ் நக்கோ?" என்றான். இன்றைக்கு ஆபீஸ் வேண்டாமா என்று கேட்கிறான்.

"நக்கோ," என்றான் செல்லப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தான். அன்றைக்கே கம்பெனிக்குப் போன் செய்து நீண்ட லீவு சொன்னான். மேனேஜர் ரிலீஸ் தேதியைப் பற்றி ஆரம்பித்தபோது, "அது என் கவலை இல்ல சார்" என்றான். தன் குரலைக் கேட்டு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

புஷ்பா ஊருக்குப் போன் செய்திருந்தாள். அந்த வாரமே சண்முகையா ரயிலேறி வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, "எங்கன? காட்டு" என்றார். தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டியை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "இம்புட்டுத்தானா" என்றார்.

அண்ணன் கூடவே இருந்தார். பாத்திரம் கழுவினார். தம்பியின் பனியனைத் துவைத்துக் காயப்போட்டார். ஒரு மத்தியானம் இருவரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது செல்லப்பா கேட்டான்:

"அப்பா கடைசியா என்னயக் கேட்டாராண்ணே?"

"கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

"வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன்."

இருவரும் கீழே தெருவில் போன தள்ளுவண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அண்ணன் அழுகிறார் என்பது செல்லப்பாவுக்குத் தெரிந்தது. நான்கு வருஷமாகச் சொல்ல முடியாமல் இருந்ததை அன்று சொன்னான். அண்ணனும் தன் பங்குக்குத் திட்டித் தீர்த்தார். பிறகு இருவரும் காப்பி குடித்தார்கள்.

சாயங்காலங்களில் வர்ஷினியைப் பள்ளியிலிருந்து அவனே அழைத்து வந்தான். ரயில்வே மேம்பாலத்தில் நின்று இருவரும் வண்டிகளைப் பார்ப்பார்கள். எந்த வண்டி எங்கே போகிறது என்று அவள் ஊகிப்பாள், அவன் ஒத்துக்கொள்வான். ஒருநாள் அவள், "அப்பா, மறுபடி யு.எஸ். வெள்தாவா?" என்றாள். திரும்ப அமெரிக்கா போகப் போகிறாயா என்று கேட்கிறாள்.

"ஏம்மா அப்படிக் கேக்க?"

போன தடவை கிளம்புவதற்கு முன்பும் இப்படித்தான் தினமும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாய் என்று அவள் தெலுங்கில் சொன்னாள். செல்லப்பாவுக்கு அவளுடைய பின்னல், ரிப்பன், உதட்டோரம் ஒட்டியிருந்த ஐஸ்கிரீம், எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் எங்கே நிற்கிறோம், யாரோடு நிற்கிறோம், எதற்காக என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. அந்த நாட்களில் அவன் நன்றாகத் தூங்கினான். இதை யாரிடமும் சொல்ல முடியாது. அவனைச் சுற்றி எல்லோரும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

பம்பாயிலிருந்து முடிவு வந்தது. டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். "கேன்சர் இல்ல. கேன்சர் மாதிரியே வேஷம் போடுற ஒரு வீக்கம் இது. ரொம்ப அபூர்வம். மருந்துகூட வேண்டாம், தானா வத்திடும். உங்களுக்கு ஒண்ணுமில்ல." புஷ்பா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சண்முகையா சுவரைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். செல்லப்பா சிரித்தான். லிஃப்டில் இறங்கும்போது வயிற்றுக்குள் ஏதோ நழுவுவது போலிருந்தது. லிஃப்ட் நின்ற பிறகும் அந்த நழுவல் நிற்கவில்லை.

வீட்டில் பாயசம் வைத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன், "நாளைக்கே டிக்கெட் போட்ரு. வீடு பூட்டிக் கெடக்கு" என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் இருங்கண்ணே."

"எதுக்கு? அதான் ஒண்ணுமில்லன்னுட்டாம்லா."

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவனோடு வேலை பார்த்த பாலா, "புது ஜென்மம் சார்" என்று முதுகில் தட்டினான். மேனேஜர் ரிலீஸ் தேதியைத் தள்ளி வைத்திருப்பதாகச் சொன்னார். செல்லப்பா தன் இடத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு மனிதரை உண்டாக்கினான். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொடுத்தான். இறந்த தேதி கேட்கும் கட்டத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

எனக்கும் ஒரு தேதி உண்டு என்று நினைத்தான். அது எப்போது என்று சில வாரங்கள் தெரிந்த மாதிரி இருந்தது, இப்போது தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதுவரை என்ன செய்வது? இதையா? இந்த ஒஹையோக்காரரையும் அடுத்தவரையுமா? நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. உள்ளங்கை சில்லிட்டது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. எழுந்திருக்கப் பார்த்து நாற்காலியோடு சரிந்தான். ஆம்புலன்ஸ் வந்தது. ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கேஸ், டென்ஷன், நல்லா ரெஸ்ட் எடுங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அது எங்கே வேண்டுமானாலும் வந்தது. ரயிலில் வந்தால் பாதி வழியில் பேகம்பேட்டையில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். சாகப் போகிறோம் என்று இருந்தபோது வராத பயம், சாக மாட்டாய் என்று சொன்ன பிறகு வந்திருந்தது. புஷ்பா அவனை ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு அழைத்துப் போய் அர்ச்சனை செய்தாள். பாலா ஒரு மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டான். கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினால், எதற்கு இதெல்லாம் என்ற கேள்வி இன்னும் நெருக்கமாக வந்தது. அவன் பாதி வகுப்பில் எழுந்து வந்துவிட்டான்.

அந்த வாரங்களைத் திரும்பப் பிடித்துவிட முயன்றான். லீவு போட்டுவிட்டு வர்ஷினியை அழைக்கப் போனான். மேம்பாலத்தில் நின்றார்கள். வண்டிகள் வந்தன, போயின. அவள் தோழியின் வீட்டுக்குப் போக வேண்டுமென்று சிணுங்கினாள். அண்ணனுக்குப் போன் செய்தால், சாப்டியா, சாப்டேன், மழை உண்டா, இல்ல. அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கோபம் இருந்த காலத்தில்கூட அண்ணனைப் பற்றி இதைவிட அதிகமாக நினைத்திருந்தான். படியில் நின்று வெங்காய வாசனைக்காகக் காத்திருந்ததும் உண்டு. வாசனை வந்தது. அது வெங்காய வாசனையாக மட்டும் இருந்தது.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. இதற்கிடையே அவன் கழுத்தைத் தடவிப் பார்க்கத் தொடங்கியிருந்தான். அக்குளில், இடுப்பில், காதுக்குப் பின்னால். வீட்டுக்குத் தெரியாமல் தார்நாகாவிலும் ஹிமாயத்நகரிலும் லேப்களுக்குப் போய் ரத்தம் கொடுத்தான், ஸ்கேன் எடுத்தான். நோய் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் என்றுதான் அவனே நம்பிக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை, அவன் வெளியே போயிருந்தபோது வீட்டுப் போன் அடித்தது. "சார் ரிப்போர்ட் வச்சிந்தண்டி," என்றாள் லேப் பெண். ரிப்போர்ட் வந்துவிட்டது, வாங்கிக்கொள்ளலாம் என்றாள். புஷ்பா எந்த லேப், எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினாள். செல்லப்பா அங்கே போய்ச் சேர்ந்தபோது, வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க," என்றாள். "ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கு."

அவன் கவரை வாங்கிக்கொண்டான். பிரிக்கவில்லை. இருவரும் எதிர்ச்சாரியில் இருந்த இரானி ஓட்டலில் போய் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. கேட்காமலே ஒரு தட்டில் பிஸ்கட்டும் வந்தது.

"நான் அதச் சொல்லும்போது ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் புஷ்பா.

அவன் கவரை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான்.

"விழுந்துட்டு. பெயிலான பிள்ளைக மொகம் விழும்லா, அப்படி." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஒங்களுக்கு அது வரணுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் ஒரு வருஷமாகத் தன்னிடமே சொல்லிக்கொள்ளாதது வெளியே வந்தது.

"அது வேண்டாம். அந்த நாளு வேணும். அப்பம் காலைல எந்திச்சா எதுக்கு எந்திச்சோம்னு தெரிஞ்சுது. நீ, பிள்ள, அண்ணன், எல்லாரும் கண்ணுக்குத் தெரிஞ்சிய."

"இப்பம் நாங்க தெரியலயா?"

"தெரிது."

"பெறகு?"

அவன் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போதமாட்டேங்கு."

புஷ்பா அழவில்லை. டீயை நிதானமாகக் கடைசிவரை குடித்தாள். பிறகு, "அத்தன நாளும் நான் ஒரு வேளை சோறு ஒழுங்காத் திங்கல. பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு அழுவேன். ஒங்களுக்கு அதான் நல்ல நாளு" என்றாள். எழுந்து வெளியே போய் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

அடுத்த வாரம் அவளே அவனை மாரேட்பள்ளியில் டாக்டர் ஸ்மிதா என்ற மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் நிறைய நேரம் கேட்டார். மாத்திரை எழுதினார். படபடப்பையும் மூச்சு முட்டலையும் இது குறைக்கும் என்றார். எதற்காக வாழ்வது என்ற கேள்வி போகுமா என்று செல்லப்பா கேட்டான். "அதுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது," என்றார் அவர். "அந்தக் கேள்வியோடயே வேலைக்குப் போறவங்க, குடும்பம் நடத்துறவங்க நிறையப் பேர் என்கிட்ட வர்றாங்க. வராதவங்க இன்னும் நிறைய." செல்லப்பாவுக்கு இது ஏமாற்றமாக இருந்தது. இருந்தாலும் மாத்திரை வேலை செய்தது. ரயிலில் பாதியில் இறங்குவது குறைந்தது.

வீட்டில்தான் எதுவும் சரியாகவில்லை. புஷ்பா சமைத்தாள், பேசினாள், அவனுடைய மாத்திரையை ஞாபகப்படுத்தினாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் அவன் வேலையைப் பற்றி அவள் கேலி செய்வது நின்றுபோயிற்று. ஓட்டலில் அவன் சொன்ன அந்த வார்த்தையை அவள் திரும்ப எடுக்கவே இல்லை. அதனாலேயே அது போகாமல் இருந்தது. மன்னிப்புக் கேட்க நினைப்பான். எதற்கு மன்னிப்பு? லேபுக்குப் போனதை மறைத்ததற்கா, உண்மை சொன்னதற்கா? தெரியாமல் விட்டுவிடுவான்.

2009-இல் கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம், ஊரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். சண்முகையா சாப்பிடுவதில்லை, ஆள் பாதியாகிவிட்டார், கேட்டால் எரிந்து விழுகிறார். செல்லப்பா போய்ப் பார்த்தான். திருநெல்வேலியில் சோதித்தார்கள். கணையத்தில் புற்று. இந்த முறை பம்பாய்க்கு எதையும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஊரில் பார்க்க ஆளில்லை என்று அண்ணனை மல்காஜ்கிரிக்கே கூட்டி வந்தான். வர்ஷினி தன் அறையைக் காலி செய்து கொடுத்தாள்.

செல்லப்பாவின் மனதுக்குள் வெட்கப்பட வேண்டிய ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. தனக்குக் கிடைத்துப் போன அந்த நாட்கள் இப்போது அண்ணனுக்கு வரும். அவர் முகத்தில் அதைப் பார்க்கலாம். பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் தனக்கும் ஒட்டும்.

சண்முகையா குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார். டிவி ரிமோட்டுக்காக வர்ஷினியோடு சண்டை போட்டார். மின்வாரியத்தில் தனக்கு முன்னால் பதவி உயர்வு வாங்கிய ஒருவரைப் பெயர் சொல்லித் திட்டினார். வலி கூடக் கூட யாரிடமும் பேசுவதில்லை. செல்லப்பா அவரைத் துடைத்துவிட்டான், வாந்தி எடுக்கும்போது பிடித்துக்கொண்டான், படுக்கைத் துணியை மாற்றினான். பள்ளியிலிருந்து வந்ததும் புஷ்பா அவன் வேலையைத் தான் ஏற்றுக்கொள்வாள். "அத்தான், ஒரு வாயி கஞ்சி" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவாள்.

ஒரு பிற்பகலில் உடம்பு துடைத்து முடித்துவிட்டுச் செல்லப்பா அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடே அப்படிப் பாக்க?"

"ஒண்ணுமில்லண்ணே."

சண்முகையா கூரையைப் பார்த்தார். "சாவு கிட்டத்துல வந்தா என்னமோ ஒண்ணு தெரியும்னு நெனச்சிருந்தேன்டே. ஒரு மண்ணும் தெரில. முதுகுதான் வலிக்கி. திருப்பிப் போடு."

செல்லப்பா அவரைத் திருப்பிப் படுக்க வைத்தான். எலும்புகள் கையில் தட்டின. அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது. அந்த மூன்று வாரமும் அவன் உடம்பில் வலி இல்லை. குமட்டல் இல்லை. எழுந்து நடக்க முடிந்தது, ஐஸ்கிரீம் வாங்க முடிந்தது. அதைச் சாவின் பக்கத்தில் நின்ற காலம் என்று இத்தனை வருஷம் நினைத்து ஏங்கியிருக்கிறான். அண்ணன் நிற்பதுதான் பக்கம். அங்கே தெளிவாகத் தெரிவதற்கு எதுவுமில்லை, முதுகுவலியைத் தவிர.

அடுத்த வருஷம் மார்ச்சில், காலை நேரத்தில், சண்முகையா இறந்தார். கீழே தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "மோட்டர அமத்திட்டியா?" என்றார். "அமத்திட்டேண்ணே," என்றான் செல்லப்பா. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை செல்லப்பா பக்கத்திலேயே இருந்தான். அப்பாவுக்கு இல்லாமல் போனது இதனால் கொஞ்சம் ஈடாகும் என்று எதிர்பார்த்திருந்தான். ஆகவில்லை. அது அப்படியே இருந்தது, இது பக்கத்தில் இன்னொன்றாக வந்து சேர்ந்தது.

அண்ணன் படுத்திருந்த மாதங்களில் செல்லப்பாவுக்கு அந்தப் படபடப்பு ஒருமுறைகூட வரவில்லை. களைப்பைத் தவிர வேறெதற்கும் இடமிருக்கவில்லை. கருமாதி முடிந்து, அறையைக் கழுவி, வர்ஷினியின் மேஜையைத் திரும்பப் போட்ட அன்று வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு தனித் தெலங்கானா கேட்டுப் பெரிய வேலைநிறுத்தம். பஸ் இல்லை, பள்ளி இல்லை, அலுவலகம் இல்லை. அப்படி ஒரு பந்த் நாளின் மத்தியானம், ஊரே சத்தமில்லாமல் கிடந்தது. புஷ்பா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். செல்லப்பா உதவிக்குப் போனான். கொடியிலிருந்து ஒரு போர்வையை உருவும்போது அது வந்தது. தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

புஷ்பா துணிகளை வாளியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதுகைத் தடவவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவன் மூச்சு சீராகும்வரை இருந்துவிட்டு, "எனக்கும் வரும்" என்றாள்.

"என்னது?"

"இதான். இந்த அளவுக்குக் கெடையாது. ஆனா வரும். நீங்க அமெரிக்காவுல இருந்தப்பம், நான் வேலைக்குச் சேருததுக்கு முந்தி ஆரம்பிச்சுது. பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வந்து கதவச் சாத்துவேன். சாத்துனதும் வந்துரும். எதுக்கு நான், எதுக்கு இந்தப் பிள்ள, எல்லாரும் ஒருநாள் இல்லாமப் போறதுக்கா இவ்வளவும்னு. அப்படியே கதவுல சாஞ்சிக்கிட்டு நிப்பேன்."

செல்லப்பா அவளைப் பார்த்தான். "நீ சொல்லவே இல்லயே."

"நீங்க கேக்கவே இல்லயே."

"இப்பமும் வருதா?"

"வரும். பஸ்ல வரும். போர்டுல கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போதுகூட வரும்."

"என்ன செய்வ?"

"என்ன செய்ய? மிச்சக் கணக்கப் போட்டு முடிப்பேன். மணி அடிக்கும். அடுத்த கிளாசுக்குப் போவேன்."

அவன் தொட்டிச் சுவரிலிருந்து கையை எடுத்தான். பிறகு கேட்டான். "நாங்க ஒனக்குப் போதுமா புஷ்பா?"

ஆமாம் என்று சொல்லி முடித்துவிடுகிறவள் இல்லை அவள். கொடியில் மிச்சமிருந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"சில நாளு," என்றாள்.

அது அவனுக்கு வலித்தது. இரானி ஓட்டலில் தான் சொன்னபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போது தெரிந்தது. தானும் அன்றைக்கு இப்படிச் சொல்லியிருக்கலாம், அது பொய்யாகவும் இருந்திருக்காது என்று நினைத்தான். ஆனால் அதைச் சொல்வதற்கான நாள் கடந்து போயிருந்தது. இருவரும் எழுந்து மீதித் துணிகளை எடுத்தார்கள். போர்வையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை அவன் பிடித்தான்.

2013-இல் வர்ஷினி கல்லூரிப் படிப்புக்காக விசாகப்பட்டினம் போனாள். ரயிலேற்றிவிட்டு வந்த அன்று வீடு மிகவும் பெரிதாக இருந்தது. செல்லப்பா வேறு கம்பெனிக்கு மாறியிருந்தான், வேலை ஏறக்குறைய அதேதான். மாத்திரையின் அளவு குறைந்தது, பிறகு மறுபடி கூடியது. அந்தக் கேள்விக்கு அவன் எந்தப் பதிலையும் கண்டுபிடிக்கவில்லை. முன்பு போல அலைந்து தேடுவதையும் விட்டிருந்தான்.

அந்தப் படபடப்பு வரும்போது, "வந்திருக்கு" என்று சொல்கிறான். சில சமயம் புஷ்பா வந்து பக்கத்தில் உட்காருகிறாள். எனக்கும் முந்தாநாள் வந்தது என்று சொல்வதும் உண்டு. அடுப்பில் ஏதாவது இருந்தால் அங்கிருந்தபடியே, "இரிங்க, வாரேன்" என்கிறாள்.